தொகாஷியின் இடது கை

தொகாஷிக்கு இடது கை ஆட்காட்டி விரல் மட்டும் மற்ற விரல்களைவிட ஒன்றரை மடங்கு பருமன். குளிர்காலத்தில் அது மரத்துப் போய்விடும். சூடான காபி டப்பாவைப் பிடித்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக அவனுக்குச் சோறு போடுவது அந்த விரல்தான்.

அவன் பேஸ்பால் கேட்சர். சம்பளம் வாங்குகிற, அணியின் சட்டை போட்ட கேட்சர். ஆனாலும் அரங்கத்துக்கு வருகிற முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் அவன் முகம் தெரியாது. ஆட்டத்தில் இறங்குவதற்கு முன்னால் வீச்சாளர்கள் ஓரத்துக் கொட்டகையில் எறிந்து கையைச் சூடாக்கிக்கொள்வார்களே, அங்கே குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் பந்துகளைப் பிடிப்பதுதான் அவன் வேலை. நாளொன்றுக்கு முந்நூறு பந்து. சும்மா பிடித்தால் போதாது, 'படீர்' என்று சத்தம் வர வேண்டும். அதைக் கேட்டால்தான் எறிகிறவனுக்குத் தன் பந்தில் உயிர் இருக்கிறது என்று தெம்பு வரும். கையுறையின் வலைப்பக்கம் வாங்கினால் வலிக்காது, ஆனால் 'பொத்'தென்று விழும். விரலின் அடியில் வாங்கினால்தான் படீர். விரல் வீங்காமல் என்ன செய்யும்?

கூடவே "நல்ல பந்து!" என்று கத்தவும் வேண்டும். இறங்கப் போகிறவனிடம் அங்கே யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நருமியும் அவனும் ஒரே வருஷம், பதினெட்டு வயதில் அணியில் சேர்ந்தவர்கள். விடுதியில் ஒரே அறை. நருமி வீச்சாளன், நாலே வருஷத்தில் அவன் படம் ரயில் நிலையத்துச் சுவரில் ஏறிவிட்டது. தொகாஷி ஆறு வருஷம் இரண்டாம் அணியில் கிடந்தான். முதல் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கடைசிச் சுற்று மட்டும். மட்டையைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகு நிர்வாகம் கூப்பிட்டு, உன் கை நல்ல கை, கொட்டகையில் இருந்து பிடித்துக் கொடு என்றது. வேறு தொழில் தெரியாத தொகாஷி தலையாட்டினான்.

இரண்டு வருஷம் முன்பு நருமிக்கு முழங்கையில் கத்தி வைத்தார்கள். இந்த வசந்தத்தில் திரும்பி வந்தான். ஜூன் மாதமே தொகாஷியின் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பந்து பாதி தூரம் ஒழுங்காக வந்து, கடைசியில் மூச்சு வாங்கியது. அதையும் அவன் படீர் என்றே வாங்கினான். நருமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைதானத்துக்குப் போவான். கொட்டகையில் இருக்கிற சின்ன டிவியில் தொகாஷி பார்த்துக்கொண்டிருப்பான். எதிராளி மட்டையைச் சுழற்றுவான், பந்து வேலியைத் தாண்டும். எழுந்து போய் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வீச்சாளன் கையைச் சுழற்றிக்கொண்டு நிற்பான்.

அக்டோபரில் நருமிக்குப் போன் வந்தது. நாளைக்கு சூட் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். ஆட்டக்காரனை அக்டோபரில் சூட் போட்டு வரச் சொன்னால் அது விருந்துக்கு அல்ல. பத்து நிமிஷத்தில் பதினெட்டு வருஷத்தை முடித்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை நருமி உள்ளரங்கப் பயிற்சிக்கூடத்துக்கு வந்து தொகாஷியைக் கூப்பிட்டான். ககாவாவில் மாமனாருக்கு உடோன் நூடுல்ஸ் கடை இருக்கிறது. கிழவருக்கு இடுப்பு போய்விட்டது. மாப்பிள்ளை வருகிறாரா, வேறு ஆளை வைக்கட்டுமா என்று இன்றைக்குள் பதில் கேட்கிறார். இல்லையென்றால் நவம்பரில், வெளியே அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் மற்ற அணிகளுக்கு முன்னால் எறிந்து காட்டுகிற தேர்வு இருக்கிறது. அறுபது பேர் போவார்கள், இரண்டு பேருக்கு வேலை கிடைத்தால் பெரிய விஷயம்.

"நீ சும்மா பிடி. ஜோடிக்காத," என்றான் நருமி. "பொத்துன்னு கேட்டுச்சுன்னா நான் மாவு பிசையப் போயிடறேன். எனக்கு உண்மை தெரியணும்டா."

"சரி, எறி."

தொகாஷி முகமூடியை மாட்டிக்கொண்டு குத்தவைத்தான். இரண்டாம் அணியில் அவனுக்கு மட்டை சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் ஆறு வருஷமும் தினம் தவறாமல், இன்றைக்கு நன்றாகச் சுழல்கிறது, இன்னும் கொஞ்சம்தான் என்பார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவன் மறுநாளும் மறுநாளும் எழுந்தான். ஊரில் எல்லாரும் அதை விடாமுயற்சி என்று மெச்சினார்கள். அவர் சொன்னது வெறும் தெம்புக்காகத்தான் என்பது, கொட்டகையில் உட்கார்ந்து தானே "நல்ல பந்து" என்று கத்த ஆரம்பித்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் ஆறு வருஷம் போனது போனதுதான். யாராவது ஒருவர் தனக்கு அந்தப் 'பொத்'தைக் கொடுத்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறான். இன்றைக்கு நருமிக்குத் தான் கொடுத்துவிட வேண்டும்.

வலைப்பக்கத்தை விரித்துக் காட்டினான். பந்து வந்தது. பரிதாபமான பந்து, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். கடைசி நொடியில் கை தானாக இரண்டு விரற்கடை நகர்ந்தது.

படீர்.

உள்ளரங்கத்தின் கூரை வேறு அதை இரண்டாக்கிக் கொடுத்தது. தொகாஷி தன் கையைப் பார்த்தான். அடுத்த பந்துக்கு மணிக்கட்டை இறுக்கி வைத்தான். அதுவும் படீர். மூன்றாவதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படீர் என்றதோடு வாயும் சேர்ந்துகொண்டது: "நல்ல பந்து!"

நருமி தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றான். கண் கலங்கியிருந்தது.

"கேட்டியாடா? இன்னும் இருக்கு."

"நருமி, அது பந்து இல்லடா, என் கை..."

"தெரியும்டா, நீ ஜோடிக்கல. உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீயே ஆடிப்போயிட்ட."

தொகாஷி எழுந்து அவனிடம் போவதற்குள் நருமி போனைக் காதில் வைத்துவிட்டான். மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லி, எதிரில் யாரும் இல்லாமலே மூன்று தடவை இடுப்பு வளையக் குனிந்தான். முழங்கை வலி அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகமே இல்லை.

"தேர்வுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு," என்றான் திரும்பி வந்து. "தினம் வந்து பிடிப்பியா? வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

தொகாஷி கையுறையைக் கழற்றினான். விரல் சிவந்து, உள்ளே விண்விண் என்று தெறித்தது. அதை நருமிக்குக் காட்ட நீட்டப் போய், மடக்கிக்கொண்டான்.

"காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.