ஒவ்வொரு கார்டிலும் முதல் முகம்

அன்று காலை பூந்தமல்லி மண்டபத்தில் முகூர்த்தம். இரண்டு கேமராவையும் முக்காலியில் ஏற்றி, பேட்டரியும் கார்டும் போட்டு, மணமேடைக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தேன். புவனாக்காவைக் காணோம். ஆவடியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற மனுஷி, எப்போதும் எனக்கு முன்னாலேயே வந்து மண்டபத்துக் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர். போன் அடித்தது. திரையில் அவர் பெயர்தான். மெட்ரோ பள்ளத்தில் மாட்டிக்கொண்டீர்களா என்று சிரித்தபடியே எடுத்தேன். பேசியது அவருடைய வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன்.

"சேகரு, அவ இனிமே வரமாட்டாப்பா. குளிச்சிட்டு வந்து நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு."

நாதஸ்வரக்காரர் அப்போதுதான் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தை நிறுத்த முடியுமா? எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு கேமராவில் மணப்பெண் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலம் பாய்ந்தும் இருக்கிறாள். இப்போதும் உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

நம் வீடியோக்காரர் சங்கத்து ஆட்களுக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கல்யாணத்தை இரண்டு கேமராவில் எடுத்தால் இரண்டும் ஒரே நிறத்தைக் காட்ட வேண்டும். மேடையில் மஞ்சள் விளக்கு, கூடத்தில் எல்.இ.டி., ஜன்னலில் வெயில் என்று எல்லாம் கலந்து கேமராவைக் குழப்பிவிடும். அதனால் முதலில் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்போம். பிறகு ஒரே முகத்தை இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்கள் கூட்டில் அந்த முகம் புவனாக்காவுடையது. மணப்பெண் உட்காரும் இடத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கேட்பார்: "நானு நானாத்தான் கீறனா?"

நான் திரையைப் பார்த்து, "நீங்க நீங்களாத்தான் கீறீங்க" என்று சொன்னால்தான் எழுந்திருப்பார். சொல்லத் தாமதித்தால் நாக்கைத் துருத்துவார், கண்ணை உருட்டுவார், ஐயரைப் பார்த்து மாப்பிள்ளை எப்போது வருவார் என்று விசாரிப்பார். அக்கா நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பு அப்படியே திரையில் வந்துவிட்டால் மண்டபத்தில் யாருடைய நிறமும் தப்பாது என்பது அவருடைய கணக்கு. ஒரு நாளும் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை.

இறந்தவரைப் பற்றிச் சோகமாகத்தான் எழுத வேண்டுமாம். அக்காவைப் பற்றி எனக்கு அப்படி எழுத வராது. எங்கள் பழக்கமே சண்டையில் ஆரம்பித்தது. அக்கா பிறந்தது அயனம்பாக்கம். அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தவர்கள். முருகேசன் அண்ணனுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆவடி ஃபேக்டரியில் அவருக்கு வேலை, அதனால் அக்கா கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தார், மணப்பெண் அலங்காரம் செய்யத் தொடங்கினார். அவர் அலங்கரித்த ஒரு பெண்ணை நான் வீடியோவில் சாம்பல் பூசினமாதிரி காட்டிவிட்டேன். அம்பத்தூரில் என் எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, நான் போட்ட மேக்கப்பு எங்க போச்சு? ஜொரத்துல படுத்து எழுந்தாப்ல கீது பொண்ணு."

எனக்கும் சுர்ரென்று வந்தது. கேமரா பழசு, அதன் லட்சணம் அவ்வளவுதான் என்றேன். வேறு வாங்கு என்றார். தனி ஆளாக முடியாது என்றேன். அப்படியானால் சேர்ந்து வாங்கலாம் என்று சொல்லி, என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். திட்ட வந்தவர் பார்ட்னராகித்தான் வீட்டுக்குப் போனார்.

மிரர்லெஸ் கேமரா வாங்குவது என்று முடிவானதும் நான் இணையத்தில் விமர்சனங்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஃபோர்-கே, ஸ்லோமோஷன், பத்து பிட் என்று அக்காவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாள் முழுக்கத் தூக்கினால் கை கடுக்குமா, திரையைத் திருப்பிப் பார்க்கலாமா என்றார். "அப்பறம், அது என் மூஞ்சிய இன்னா பண்ணும்?" என்றார். மூன்றாவதற்கு எந்த விமர்சனத்திலும் பதில் இல்லை. அதனால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கும் வாடகைக் கடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். "பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜி துன்னுட்டு வந்துடலாம். இதும்கூட குடும்பம் நடத்திப் பாத்துட்டுத்தான் வாங்கணும்" என்றார் அக்கா.

குடும்பம் நடத்திப் பார்த்த இடம் அவருடைய சமையலறை. நல்ல கத்திரி வெயில் காலம். சின்ன உடம்பு மிரர்லெஸ் கேமராக்களுக்கு ஒரு நோய் உண்டு, நீளமாக ஓடவிட்டால் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். தாலி கட்டுகிற நேரத்தில் அணைந்தால் என்ன ஆவது? அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, கேமராவை ஓடவிட்டு, எண்ணெய்ச் சட்டியில் வடை போட ஆரம்பித்தார். முதல் கேமரா இரண்டாவது ஈடு வேகும் முன்பே மூச்சை விட்டது. அடுத்த நாள் வந்தது மாவு தீரும்வரை தாக்குப்பிடித்தது, ஆனால் அக்காவை ரோஸ் நிறத்தில் காட்டியது. "எங்க மாமியா பாத்தா சந்தோசப்படுவாங்க. எனக்கு வாணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்து வந்ததுதான் வெயிலையும் தாங்கியது, அக்காவையும் அக்காவாகக் காட்டியது. அதையே இரண்டாக வாங்கினோம். அந்த வாரம் முழுக்க ஷிஃப்ட் முடிந்து வந்து வடை சாப்பிட்ட முருகேசன் அண்ணன், லென்ஸ் எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று ஆவலாகக் கேட்டார்.

அக்கா தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. புதுக் கேமரா முகத்தைத் தானே தேடி ஃபோகஸ் பிடிக்கும் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம் என்றார். கிட்டத்தட்ட அப்படியேதான் எடுத்தார். அயனம்பாக்கத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. மேடைக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். படத்தில் அவளைப் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளுப்பாக்கியிருந்தார்கள். பெண் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்க, கேமரா அவளை விட்டுவிட்டு ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தைப் பிடித்துக்கொண்டது. ஆரத்தி முடியும்வரை ஃப்ளெக்ஸ் பளிச்சென்று இருந்தது. பெண் மங்கல்.

எடிட்டிங்கில் பார்த்தபோது நான் தலையில் கை வைத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நேராக அந்த வீட்டுக்குப் போய், "எங்க மிஷினு ஃப்ளெக்ஸ்ல கீற பொண்ணைப் பாத்துகினு உங்க பொண்ணை வுட்டுட்சி. தப்பு என்னுது" என்று போட்டு உடைத்தார். அவர்கள் கோபித்துக்கொள்வதற்குள் அந்தப் பெண்ணுக்கு மறுபடி அலங்காரம் செய்து, ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், மாலை வெயிலில் எடுத்துக்கொடுத்தார். மேடையில் நிமிராத தலை அங்கே நிமிர்ந்தது. அந்த ஏரிக்கரைக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்த வேலைகள் நிறைய. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நிஜ முகத்தை விரலால் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

எனக்குப் பெரிய சங்கடம் திருவேற்காட்டுக் கல்யாணத்தில் வந்தது. பெண்ணின் அம்மா ஓரமாக வந்து, வீடியோவில் பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டச் சொன்னார். நம்மிடம் யார்தான் கேட்பதில்லை? நானாயிருந்தால் தலையாட்டியிருப்பேன். அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்:

"மாப்ள ஊட்டுக்கு இந்தப் பொண்ணு போவப்போவுதா, வேற பொண்ணாம்மா?"

அந்த அம்மா கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். இந்தக் குடும்பம் இனி நம் பக்கமே திரும்பாது என்று அக்காவைத் திட்டினேன். வராவிட்டால் போகட்டும் என்றார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். காரியத்தன்று படத்திறப்பு என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் அக்காவின் மகள் காவ்யா என்னைக் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அம்மாவைப்போல் சத்தமாகப் பேசத் தெரியாது. ஃபிரேம் கடையிலிருந்து வந்த படத்தைக் காட்டினாள். வீட்டில் கொடுத்த போன் படத்தைக் கடைக்காரர் மரியாதைக்காகச் சிவப்பாக்கி, சுருக்கமெல்லாம் நீக்கி, பெரிதாகப் போட்டிருந்தார். ஊரில் எல்லாப் படத்துக்கும் அப்படித்தானே செய்கிறார்கள்.

"மாமா, இது எங்க அம்மா இல்ல. இதுக்கு நான் மாலை போடமாட்டேன்."

வேறு படம் தேடினோம். கல்யாண ஆல்பத்தில் அக்கா முகம் முழுக்கப் பவுடர். போனில் எடுத்தவை எல்லாம் போனே வழவழப்பாக்கியவை. மற்ற நாளெல்லாம் அக்கா கேமராவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிறத்துக்குச் சண்டை போட்ட மனுஷியை வேறு யாரோவாக ஆக்கிச் சுவரில் மாட்டப்போகிறோமா?

ஒவ்வொரு கார்டிலும் கைக்குட்டையோடு அக்கா உட்கார்ந்திருக்கும் முதல் கிளிப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் என் டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வீடியோவைக் கொடுத்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம், நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். அதற்கு முன் சில வீட்டார் தங்கள் டிஸ்க்கைக் கொண்டுவந்து, எடுத்ததை எடுத்தபடியே வாங்கிப்போவது உண்டு. அவர்களுக்குப் போன் செய்தேன். ஒருவருக்கு டிஸ்க் பழுது. இன்னொருவர் வெளிநாடு போயிருந்தார். மிச்சமிருந்தது திருவேற்காட்டு வீடு. போன் செய்யக் கூச்சமாக இருந்தது. நேரிலேயே போனேன்.

கதவைத் திறந்தது அதே அம்மா. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு டி.வி.யைப் போட்டார். அதில் அவருடைய மகளின் கல்யாணம் முதல் கிளிப்பிலிருந்து ஓடியது. தாடைக்குக் கீழே கைக்குட்டையோடு, முழுத்திரைக்கு, புவனாக்கா. அவருடைய நிறம். அவருடைய பல். "நானு நானாத்தான் கீறனா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைத் துருத்தினார்.

"எங்க பேத்திக்கு இத்தப் போட்டாத்தான் சோறு எறங்கும். கல்யாணத்த வுட்டுடுவா, இந்த ஆயாவ மட்டும் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவா" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே அழுதார், சிரித்தார். எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தது.

அந்தக் கிளிப்பிலிருந்துதான் படம் எடுத்தோம். நாக்கைத் துருத்துவதற்குச் சற்று முன்னால், சிரிப்பு வரப்போகிற இடம். கடைக்காரரிடம் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று அச்சுப் போட்டு வாங்கினேன். படத்திறப்புக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். திரையை முருகேசன் அண்ணன் விலக்கினார். கைக்குட்டையோடு அக்காவைப் பார்த்ததும் பின்வரிசையில் நம் ஆட்கள் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று தெரியாமல் விழித்தது எனக்குத் தெரியும். காவ்யா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அலுவலகத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"எங்கம்மா எங்கம்மாவாத்தான் கீது" என்றாள். மாலையைப் போட்டாள்.

அந்தக் கைக்குட்டையை முருகேசன் அண்ணன் துவைத்து, இஸ்திரி போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும் அந்தக் கேள்வியும்தான். போன முகூர்த்தத்தில் இரண்டு கேமராவையும் ஓடவிட்டு, மணப்பெண்ணின் இடத்தில் நானே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கைக்குட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "நானு நானாத்தான் கீறனா?" என்று கேட்டேன். பதில் சொல்லக் கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. நானே எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். நிறம் சரியாக வந்திருந்தது. அந்தக் கிளிப்பை நான் அழிக்கவில்லை.