மைலேஜ்காரர் கேம் ஆடிய வாரம்

அலுவலக வேன் ஓட்டுகிறவர்களில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைலேஜ்காரர் என்றால்தான் தெரியும். மேட்டில் ஏறும்போது ஏசியை அணைப்பார். சிக்னல் சிவப்பாகப் போகிறது என்று தூரத்திலேயே மோப்பம் பிடித்து, காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுவார். பின்சீட்டில் வேர்த்து வழிகிறவர்கள் முணுமுணுத்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எதை விட்டால் எது மிஞ்சும் என்ற கணக்கு ரத்தத்தில் ஊறிய மனிதர். வீட்டில் பேச்சைக்கூட மிச்சம் பிடிப்பார் என்பது மனைவியின் கட்சி.

ஒரே மகள். கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியில் சேரப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, "விளையாட்டு செய்யறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுத் தொலைத்தார். அவள் வாதாடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் போன் பேச்செல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி.

நான்கு வருடம் கழித்து அவள் வேலை செய்த கேம் வெளியானது. கூடவே வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே, இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற திரை வைத்த கருவி. பெரிய கம்ப்யூட்டரில் ஓடவேண்டிய கேமை அதிலேயே ஓட்டலாமாம்.

"நான் செஞ்சது எதுன்னு சொல்ல மாட்டேன்பா. ஆடிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன், நீங்களே சொல்லுங்க," என்றாள் மகள் போனில்.

அன்று விட்ட சொல்லைச் சரிக்கட்ட மைலேஜ்காரருக்கு வாய்த்திருப்பது இது ஒன்றுதான். கண்டுபிடிக்காமல் போனால், அப்பா இன்னமும் மதிக்கவில்லை என்றுதானே நினைப்பாள்?

காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மாலைவரை வேன்கள் நிற்கும் இடத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேமைத் திறந்தார். கதாநாயகி ஓர் ஏரிக்கரையில் நின்றாள். அவள் இரண்டு அடி நடப்பதற்குள் படம் திக்கித் திணறியது. கருவிக்குள் ஃபேன் இரைந்தது. பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. பேட்டரி கண்ணெதிரே கரைந்தது. வேனில் இருந்த சார்ஜரோ செல்போனுக்கே முக்கி முனகும் ரகம்.

பழைய குணம் தலைதூக்கியது. செட்டிங்ஸுக்குள் போய்க் கழிக்க ஆரம்பித்தார். நிழல் பாதி போதும். தண்ணீரில் தெரியும் பிம்பம் வேண்டவே வேண்டாம். கூர்மை ஒரு படி குறைந்தால் குடி முழுகிவிடாது. பனிமூட்டம் என்று ஒன்று இருந்தது. அதை அணைத்ததுதான் தாமதம், படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஃபேன் வாயை மூடியது.

"பனியாம் பனி! சும்மா கெடந்து டீசல் குடிக்கிற சனியன்," என்றார் பக்கத்து வேன் டிரைவரிடம். அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

வாரம் முழுக்க அவர் ஆடினார் என்பதைவிடத் துழாவினார் என்பதே சரி. கதவுக் கைப்பிடி, குதிரையின் வால், கடைக்காரியின் காதுத் தோடு, எதையும் விடவில்லை. எதிரி வந்து வெட்டிச் சாய்த்தபோதும் கத்தியின் பிடியில் இருந்த வேலைப்பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் போன் வந்தது.

"அந்தக் குதிரைதானேம்மா? பிடரி மயிரெல்லாம் அச்சு அசலா இருக்கு."

"இல்லப்பா."

"அப்ப பாலம்."

"பனிப்பா. ஏரியில, மலையில, தெருவுல, எங்க பனி வந்தாலும் அது நான் செஞ்சது. நாலு வருஷமும் அது ஒண்ணுதான்."

பிரமாதம் என்று பூசி மெழுகியிருக்கலாம். மைலேஜ்காரருக்கு மனம் வரவில்லை. "அதை நிப்பாட்டிட்டேன்மா. முதல் நாளே. பேட்டரியைக் குடிச்சுது."

மகள் சிரித்தாள். "எல்லாரும் அதைத்தாம்பா முதல்ல நிப்பாட்டுவாங்க. நிப்பாட்டற வசதிய வெச்சதே நான்தான். பனி இல்லாட்டியும் ஏரி மொட்டையாத் தெரியக்கூடாதுன்னு அதுக்கும் தனியா உழைச்சேன். ஏதாவது குறை தெரிஞ்சுதா?"

"குறைன்னு எதுவும் தோணலம்மா."

"அப்ப சரிப்பா," என்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

போனை வைத்த பிறகு அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரோரமாக உட்கார்ந்து, சார்ஜரைச் செருகி, கழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார். கருவி அலறியது.

"மிக்ஸியா ஓடுது?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

கதாநாயகி ஓர் அடி எடுத்துவைக்க ஒரு யுகம் ஆனது. உள்ளங்கை பொசுங்கியது. அவர் கீழே வைக்கவில்லை. ஏரியின் அக்கரையிலிருந்து அது கிளம்பி வந்தது. தண்ணீர்மேல் தவழ்ந்து, நாணலுக்குள் புகுந்து, பாலத்தை விழுங்கி, திரை முழுக்க நிறைந்தது.

"இங்க வாயேன். உன் பொண்ணு செஞ்சதைப் பாரு."

மனைவி ஈரக்கையோடு வந்து குனிந்தாள். "என்னங்க இது, ஒரே வெள்ளையா இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

"அதான்," என்றார். "அதைத்தான் செஞ்சிருக்கா."