மன்னிப்புக் கேட்டவனுக்கு ஐந்து வருடம்

தோக்தார்பாயின் வாய் எங்கள் ஊருக்குப் பழகிப்போன வாய். சூ ஆற்றங்கரையிலிருந்து நகரத்துக்கு வேன் ஓட்டுகிற எங்களில் அவனிடம் திட்டு வாங்காதவர் ஒருவருமில்லை. மழை வந்தால் மழையைத் திட்டுவான், வராவிட்டால் மந்திரியைத் திட்டுவான். "இவரு தூங்கறப்பதான் வீட்டுக்கே காது கேக்குது" என்பாள் அவன் மனைவி குல்ஜான். ஆனால் பனியில் யார் வண்டி சிக்கினாலும் கயிற்றோடு முதலில் வருபவன் அவன்தான். இழுத்துப் போகிற வழியெல்லாம் திட்டுவான், அது வேறு.

போன வசந்தத்தில் ஒரு கும்பல் நகரத்து எல்லைச் சோதனைச்சாவடியில் போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றது. கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே சுட்டார்கள். எங்களைத் தினமும் நிறுத்திக் காசு கறக்கிற சாவடி அது. செய்தி வந்ததும் தோக்தார்பாய் ஓட்டுநர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினான்: "நல்லா வேணும். சுட்டவன் கைக்கு முத்தம் குடுக்கணும்."

அசிங்கமான பேச்சு. அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. அன்று சாயங்காலம்தான் தெரிந்தது, செத்தவர்களில் ஒருவன் எங்கள் தெரு பெய்செம்பை பெரியவரின் மகன் நூர்தௌலெத் என்று. தோக்தார்பாயின் வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவன். தோக்தார்பாய் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். அடக்கத்துக்குப் போக அவனுக்கு முகமில்லை.

எங்கள் ஜனங்களிடம் இதற்கொரு வழி இருக்கிறது. ஆடும் மேலங்கியும் எடுத்துக்கொண்டு, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, அவமதிக்கப்பட்டவன் வாசலுக்குப் போகவேண்டும். போர்த்திய அங்கியை அவன் தன் தோளிலிருந்து தள்ளாவிட்டால் விஷயம் முடிந்தது. பிறகு அதை யாரும் கிளறக்கூடாது. ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. சாக்குச் சொல்லக்கூடாது. செய்ததைவிடக் கூடுதலாகத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். எதிராளி மேற்கொண்டு சொல்ல ஒரு வசவுகூட மிஞ்சக்கூடாது.

கிளம்பும்போது தோக்தார்பாய் குல்ஜானை ஃபோனில் வீடியோப் படம் எடுக்கச் சொன்னான். "எதுக்குங்க ஊருக்கெல்லாம் காட்டணும்?" என்றாள் அவள்.

"திட்டினது குரூப்புலதானே? மன்னிப்பும் அங்கதான் வரணும். பொத்திப் பொத்திக் கேட்டா அதுக்குப் பேரு மன்னிப்பா? ஃபோனைப் பிடி, பேசாதே."

பெய்செம்பையின் முற்றத்தில் மண்டியிட்டான். "ஐயா, உங்க புள்ளையைச் சுட்டவனும் நானும் ஒண்ணுதான். அந்தத் துப்பாக்கியில என் கையும் இருந்துச்சு."

கூட வந்த பெரியவர்கள் போர்த்திய அங்கி கிழவர் தோளில் விழுந்தது. தள்ளவில்லை. "எந்திரிடா. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தா உன்னைத் தூக்க கிரேன்தான் வரணும்" என்றார். எல்லோரும் உள்ளே போய்த் தேநீர் குடித்தோம். மகன் செத்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு.

படம் அன்றைக்கே குழுவுக்குப் போனது. அந்த வாரமே போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துப் போனார்கள். குற்றம், பயங்கரவாதத்தைப் போற்றிப் பரப்பியது.

எழுதியது ஒரு வரிதான், வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை, அதைப் படித்து எவனும் துப்பாக்கி தூக்கவில்லை என்று வாதாடினார் வக்கீலம்மா. அரசு வக்கீல் பதிலுக்கு மன்னிப்புப் படத்தை ஓடவிட்டார். 'அந்தத் துப்பாக்கியில என் கையும் இருந்துச்சு.' தன் வாயால் ஒப்புக்கொண்டாயிற்று, இனி என்ன வேண்டும்? அரசு வக்கீலும் நம் ஆள்தான். அவர் அப்பா எத்தனை முற்றத்தில் அங்கி போர்த்தியிருப்பாரோ. அந்த முறையே தெரியாத மாதிரி நின்றார்.

எனக்கு வயிறு எரிகிறது. கொலைகாரனுக்கு ஆள் சேர்ப்பவனை உள்ளே தள்ளுங்கள், நானே பூட்டு வாங்கித் தருகிறேன். அந்தக் குரல்கள் இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளின் ஃபோனுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தோக்தார்பாயைத் தேடவே வேண்டாம், வீட்டிலேயே இருந்தான்.

தீர்ப்பு நாளில் பெய்செம்பை வந்தார். கொளுத்துகிற வெயிலில் அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"நீதிபதி ஐயா, செத்தது என் புள்ள. இவன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான், நான் குடுத்துட்டேன். இதோ, உடம்புலயே இருக்கு."

"பெரியவரே, இது உங்களுக்கும் அவருக்கும் நடக்கிற வழக்கு இல்ல. இதுல பாதிக்கப்பட்டது அரசாங்கம். உக்காருங்க."

"அப்ப அரசாங்கத்து வாசலுக்கும் ஒரு ஆட்டை இழுத்துட்டு வரச்சொல்றேன். போர்த்தறதுக்குத் தோள் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஐந்து வருடம் என்று தீர்ப்பானது.

வாசலில் அவர் அங்கியைக் கழற்றிக் குல்ஜானிடம் நீட்டினார். அவள் பின்வாங்கினாள். அங்கியைத் திருப்பிக் கொடுத்தால் மன்னிப்பைத் திருப்பி எடுத்ததாக அர்த்தம்.

"பயப்படாதே தாயி. திருப்பிக் குடுக்கல. அங்க குளிரும், அவனுக்குப் போட்டுக்கக் குடு."

பனி விழத் தொடங்கியதும் நான்தான் கொண்டுபோனேன். ஜரிகை வைத்த துணிக்கு அனுமதியில்லை என்று சிறைவாசலில் தள்ளிவிட்டார்கள். பெய்செம்பையிடம் கொண்டுபோனால், "அது இப்ப அவனுது" என்கிறார். குல்ஜானோ, "அது இந்த வீட்டுக்குள்ள வந்தா எங்க மன்னிப்பு போச்சு" என்று கதவைத் திறக்க மறுக்கிறாள்.

என் வேனின் பின்சீட்டில்தான் கிடக்கிறது. ஏறுகிறவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள். யார் ஃபோன் ஓடிக்கொண்டிருக்கிறதோ, பதில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.