பொரிக்கு நீட்டிய கை

எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கூட, எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னதுதான் பாதிக் காரணம். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆயுத பூஜை லீவு வாங்கிக் கொடுத்தேன் என்று என் மருமகள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் எனக்கு அன்றைக்குப் பசி. அவ்வளவுதான் என் பங்கு.

எங்கள் ஊர் பாடாலூருக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் வாக்கப்பட்டு வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது, எழுபதுகளின் கடைசி. புரட்டாசி முடியும்போது கடலைக்கொடியைப் பிடுங்கி, ஐயாவின் களத்தில் போராகக் குவித்துவிடுவார்கள். ஐயா என்றால் நாங்கள் வேலை செய்த நிலத்துக்குச் சொந்தக்காரர். கொடியிலிருந்து கடலையைக் கையால் பறித்துக் கூடையில் போடுவது பெண்கள் வேலை. கடலை ஆய்வது என்போம். நாள் முழுக்க ஆய்ந்தால் விரல் நுனி வெடித்து மண் ஏறிப்போகும். ராத்திரி ரசம் சோறு பிசைந்தால் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வரும்.

ஆயுத பூஜை வந்தால் ஆண்களுக்கு லீவு. ஏர், மண்வெட்டி, வண்டி, மோட்டார் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது. கருவி ஓய்ந்தால் ஆளும் ஓய்ந்தான். எங்களுக்குக் கருவி கிடையாது, அதனால் லீவும் கிடையாது. அவர்கள் சுண்டல் தின்றுவிட்டுச் சீட்டாடுவார்கள். நாங்கள் அதே களத்தில் கடலை ஆய்வோம்.

அந்த வருஷம் தோளில் துண்டு போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து, பொம்பளைகளுக்கும் ஓய்வு உரிமை என்று ஒன்று இருக்கிறது, வாய் விட்டுக் கேளுங்கள் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். எங்களில் வாயுள்ளவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. அவள் போய்க் கேட்டாள். ஓய்வு கருவிக்குத்தான், கைக்கு இல்லை, சாஸ்திரம் அப்படி என்று ஐயா சொல்லிவிட்டார். தவிர மழை வரும் போலிருந்தது. போர் நனைந்தால் கடலை முளைத்துவிடும்.

ஐயா கெட்டவர் இல்லை. பக்தி அதிகம். செட்டிகுளம் மலைக்கோயிலில் யார் வந்து பிரசங்கம் செய்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுநாள் களத்தில் எங்களுக்கு அதைத் திருப்பிச் சொல்லுவார். காலையில் எழுந்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும், விரல் நுனியில் லட்சுமி, நடுவில் சரஸ்வதி, மணிக்கட்டுப் பக்கம் பார்வதி என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நான் தினமும் பார்ப்பேன். மூன்று பேரும் மண்ணுக்கு அடியில் எப்படித்தான் மூச்சு விடுகிறார்களோ என்று இருக்கும்.

பூஜையன்று காலையில் ஆண்கள் அவரவர் கருவியை முன்னால் வைத்து வரிசையாக நின்றார்கள். பூஜை முடிந்ததும் போரில் உட்காருவதற்காக நாங்கள் ஓரமாகக் காத்திருந்தோம். ஐயாவின் சம்சாரம், நாங்கள் அம்மா என்று கூப்பிடுவோம், ஓர் அண்டா நிறையப் பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்து வைத்திருந்தார். நான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அண்டாவைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து, ஆண்கள் வரிசையின் வாலில் போய் நின்றிருக்கிறேன்.

ஐயா அன்றைக்குச் சாம்பிராணியை அள்ளிக் கொட்டியிருந்தார். களம் முழுக்கப் புகை. கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தடவித் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் ஆள் வருவது தெரிந்ததும் கோயிலில் நீட்டுகிற மாதிரி நான் இரண்டு கையையும் நீட்டினேன். தலை எப்போதும் போல் குனிந்துதான் இருந்தது. கையில் சில்லென்று ஏதோ விழுந்தது. வெல்லப்பாகு என்று நினைத்தேன். பார்த்தால் சந்தனம். அதன் மேல் குங்குமம். நான் வாய் திறக்கும் முன் என் கைக்குக் கற்பூரம் காட்டி மணி அடித்துவிட்டு, எனக்கு அடுத்துப் பொரி வாசனைக்கு வந்து நின்ற ஆட்டுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

நான் புடவையில் துடைக்கப் போனேன். ஓரகத்தி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடச்ச, தொலைச்சுப்புடுவேன்" என்று காதில் சொல்லிவிட்டு, களத்துக்கே கேட்கிற மாதிரி, "ஐயா, இவ கையி படைச்ச கையி. நாளைக்குக் காலம்பர வரைக்கும் வேலை செய்யக் கூடாதுங்க" என்றாள்.

ஐயா கண்ணாடியை மாட்டி என் கையைப் பார்த்தார். கையெல்லாம் கருவியா என்றார்.

"அதுல மூணு சாமி குடியிருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. ஒரு சாமியும் இல்லாத மம்முட்டிக்கே லீவுன்னா?"

ஐயாவுக்குக் கோபம் வந்தது. சைக்கிள்காரன் சொல்லிக் கொடுத்த வேலை இது, திட்டம் போட்டுச் சாமி காரியத்தில் விளையாடியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் இனிமேல் இந்தக் களத்தில் வேலை கிடையாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். களமே என்னைப் பார்த்தது. மண்வெட்டிக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் முழித்தார்.

"ஏ புள்ள, நீ சொல்லு. எதுக்குக் கைய நீட்டுன?"

அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. படைத்த கையால் சொறியலாமா என்று தெரியாமல் தோளில் தேய்த்துக்கொண்டேன். உரிமை என்று சொல்லுடி என்று ஓரகத்தி கண்ணாலும் புருவத்தாலும் ஜாடை காட்டினாள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை.

"பொரி குடுக்குறீங்கன்னு நெனச்சேங்க" என்றேன்.

ஆண்கள் சிரித்தார்கள். ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லார் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது அண்டா பக்கத்திலிருந்து அம்மா பேசினார். சாதாரணமாகக் களத்தில் அவர் குரலே கேட்காது.

"அவ பொரிக்கு நீட்டியிருக்கா. நீங்க குங்குமம் வச்சிருக்கீங்க. அவளுக்குச் சூது தெரியாது, உங்களுக்குக் கண்ணு தெரியல. அப்ப இது யாரு பாத்த வேலைங்க?"

ஐயா வானத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். திட்டம் போட்டிருந்தால் விரட்டியிருப்பார், ஒன்றும் தெரியாமல் நீட்டிய கையை எப்படி விரட்டுவார்? அம்பாள் என்று மெதுவாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினார். "இதுக்கும் வைங்க. இதுவும் உங்க வூட்டுல ஓயாம ஓடுற மோட்டாருதான்."

அம்மாவுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் நின்றுவிட்டார்கள். சந்தனம் தீர்ந்துபோய்க் கடைசி ஆட்களுக்கு ஐயா மஞ்சளைக் கரைத்து வைத்தார்.

பச்சைமலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஐயா போரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரகத்தி ரொம்பப் பணிவாக, "ஆம்பளைங்க மம்முட்டியத்தாங்க படைச்சாங்க. கையி சும்மாதான இருக்கு" என்றாள்.

சீட்டுக்கட்டு உள்ளே போனது. ஆண்கள் கடலை ஆய உட்கார்ந்தார்கள். காம்போடு பிய்த்தார்கள், இடுப்பு போச்சு என்றார்கள். என் வீட்டுக்காரரின் கூடையில் சாயங்காலம் வரை அடி மறையவில்லை. நாங்கள் உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் கொழுந்தனார் ஒருவர் கைப்பிள்ளையை நீர்மோர்ப் பானை மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொரியை யார் ஊட்டுவது என்று கேள்வி வந்தது. ஐயா நாலு பக்கமும் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டினார். உடனே மற்றவர்களையும் அதட்டினார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, ஊரே பார்க்க என் வாய்க்கு நேரே பொரியைக் கொண்டுவந்தார். வெட்கத்தில் செத்துவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் பசி, வாயைத் திறந்தேன். பொரியில் பாதி மண்.

அடுத்த வருஷம் ஐயா கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தார். சாம்பிராணியும் கொஞ்சம்தான். நிமிர்ந்து பார்த்தால், கையை நீட்டிக்கொண்டு பெண்கள் வரிசை. பக்கத்திலேயே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஆண்கள் வரிசை. முதல் ஆள் என் வீட்டுக்காரர். கடைசியில் ஆடு.

ஐயா போரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். களத்துக்கே லீவு என்று சொல்லிவிட்டுக் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு அண்டாவிலிருந்து ஒரு பிடி அள்ளி, நேராக என்னிடம் வந்தார்.

"இந்தா புள்ள, நல்லாப் பாத்துக்க. இது பொரிதான்."