வெறும் பஞ்சில் மல்லிகை வாசம்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி வீடொன்றில் பிறந்தநாள் விருந்து. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். லீவு நாட்களில் இப்படியான விருந்துகளில் மெஜிக் செய்வேன். மேடை, புறா, தொப்பி எதுவும் கிடையாது. ஆட்களுக்கு நடுவில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் செய்கிற வித்தைகள்தான்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது வாசத்தை வைத்துச் செய்வது. விரலளவு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே பஞ்சு. கராம்பு, ஏலக்காய், கோப்பி என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாசம். ஒன்றில் மட்டும் வெறும் பஞ்சு. முதலில் வாசமுள்ளவற்றைச் சுற்றக் கொடுப்பேன். பிறகு ஒருவரை ஒரு பூவை நினைக்கச் சொல்வேன். பெரும்பாலும் மல்லிகையைத்தான் நினைப்பார்கள், அப்படி நினைக்க வைப்பது என் பேச்சு. அது என்ன பூ என்று நானே சொல்லிவிட்டு, வெறும் பஞ்சுக் குழாயை நீட்டி, வாசம் வருகிறதா என்று கேட்பேன். "இல்லையே" என்பார்கள். குழாயின் வாயை ஒருமுறை விரலால் தடவிக் கொடுப்பேன். மல்லிகை மணக்கும். விரலில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அன்று முன்னால் இருந்த ஒரு அக்காவைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும், நன்றாகச் சிரித்துக் கதைக்கிறவர். மல்லிகையைத்தான் நினைத்திருந்தார். வெறும் பஞ்சுக் குழாயைக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி நீளமாக இழுத்தார்.

"ஓம், நல்ல மல்லிகை வாசம்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை வருடத்தில் நான் விரலால் தடவுமுன் அந்தக் குழாயை முகர்ந்துவிட்டு யாரும் அப்படிச் சொன்னதில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த வித்தைக்குப் போனேன். ஆனால் மனசு அங்கேயே நின்றது. எனக்காக விட்டுக்கொடுத்தாரா? யோசித்துப் பார்த்தால், மற்றக் குழாய்களையும் பக்கத்தில் இருந்தவர்கள் கராம்பு, கோப்பி என்று சொன்ன பிறகுதான் அவரும் தலையாட்டினார்.

சாப்பிடும்போது அவர் எனக்குப் பின் மேசையில் இருந்தார். கொட்டாஞ்சேனையில் தனியாக இருப்பதும், ரோல்ஸ், பட்டிஸ் என்று பொரித்த பலகாரம் ஓர்டருக்குச் செய்து கொடுப்பதும் பேச்சில் தெரிந்தது. "இப்பவெல்லாம் காஸ் சிலிண்டர் வாங்கினதும் தெரியல்ல, முடியிறதும் தெரியல்ல" என்று யாரிடமோ குறைப்பட்டார். பின்னேரம் ஒரு ஓர்டர் இருக்கிறது, போய்ப் பொரிக்கவேண்டும் என்று சொல்லி அவசரமாக எழும்பிப் போனார்.

நான் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டும் ஒன்றாக வந்து இடித்தன. வாசம் தெரியாத ஒரு மனுஷி. வழக்கத்தைவிட வேகமாக முடிகிற காஸ். கை அடுக்கியதைத் திரும்ப வெளியில் எடுத்து வைத்தது. என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் போய் அவருடைய நம்பரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவவின்ர நம்பர் உமக்கென்னத்துக்கு?"

"ஒரு சாமான் மாறி அவவிட்டப் போயிட்டுது" என்று, வெறும் ஊகத்தைச் சொல்லக் கூசி, வாயில் வந்ததைச் சொன்னேன். நம்பரோடு வீட்டு அடையாளமும் சொன்னார். நான் கோல் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத நம்பர் என்று விட்டிருக்கலாம். திரும்பவும் எடுத்தேன். இல்லை.

ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறினேன். அது ஒவ்வொரு தரிப்பிலும் ஆட்களை அள்ளிக்கொண்டு ஊர்ந்தது. புறக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று சொல்வதா? என்ன நினைப்பார்? வெள்ளவத்தைப் பஸ் ஒன்று முன்னால் வந்து நின்றது. மிதிபலகையில் ஒரு காலை எடுத்தும் வைத்தேன். பிறகு இறங்கி, கொட்டாஞ்சேனைப் பஸ்ஸுக்கே நின்றேன்.

கொட்டாஞ்சேனையில் அது பழைய மாடிக் கட்டடம். அந்தப் பக்கம் கரண்ட் இல்லை, படிக்கட்டு மங்கலாக இருந்தது. இரண்டாம் மாடி வளைவில் திரும்பியதும் மூக்கில் அடித்தது. காஸ். மீதிப் படிகளை ஓடித்தான் ஏறினேன். மணியைத் தொடாமல் கையால் தட்டினேன்.

கதவைத் திறந்தவரின் இரண்டு கையிலும் ரஸ்க் தூள். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. மேசையில் தூளில் புரட்டிய ரோல்ஸ் வரிசையாக இருந்தன.

"தம்பி, நீங்க மெஜிக் காட்டின ஆள்தானே?"

"அக்கா, அடுப்பு மூட்டாதீங்கோ. அப்படியே வெளியில வாங்கோ. காஸ் லீக்."

"காஸா? எனக்கு ஒண்டும்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் மாறியது. வெளியே வந்தார்.

மெயின் சுவிட்ச் படிக்கட்டுப் பக்கம் இருந்தது. வந்ததும் ஃபேனைப் போட்டுவிட்டுக் கரண்டுக்காகக் காத்திருந்ததாக அவர் சொன்னார். கரண்ட் வந்து ஃபேன் சுழலும்போது ஒரு பொறி பறந்தாலே போதும். சுவிட்சை அணைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். அடுப்பு மேசைக்கடியில் காஸ் டியூப் வெடிப்பு விட்டிருந்தது. சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ சத்தமாகப் பாடத் தொடங்க, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் படிக்கட்டிலேயே இருந்துவிட்டார்.

"காய்ச்சல் வந்து போனதில இருந்து ஒரு வாசமும் இல்ல தம்பி. சுகமாகும், சுகமாகும் எண்டு பார்த்தன். யார்ட்டயும் சொல்லல்ல. எண்ணெய் காறிப்போனதும் தெரியாத மனுசிட்ட யார் சாப்பாடு வாங்குவாங்க?"

பிறகு நிமிர்ந்து கேட்டார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

வித்தையின் இரகசியத்தை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. அன்று அந்தப் படிக்கட்டில் இருந்து, வெறும் பஞ்சையும் விரலையும் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு முதலில் கோபப்பட்டார். "அப்ப அவ்வளவு பேருக்கு முன்னால நான் பொய் சொன்னது உங்களுக்கு மட்டும் தெரியும்" என்றார். பிறகு ரஸ்க் தூள் படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்றைய ரோல்ஸ் எதிர்வீட்டு அடுப்பில்தான் பொரிந்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் ஏன் என்று விளக்கவேண்டி வந்ததில், மறைத்து வைத்திருந்ததையும் அக்காவே சொல்லிவிட்டார். பிற்பாடு ஒருநாள் தொலைபேசியில் எடுத்து, காலையில் எண்ணெயையும் இறைச்சியையும் அந்த அம்மாதான் முகர்ந்து பார்த்துக் கொடுப்பதாகவும், டொக்டரிடம் காட்டத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். ஓர்டர் ஒன்றும் குறையவில்லையாம்.

புறக்கோட்டையில் திரும்பிப் போகப் பார்த்தேனே, அந்தக் கணம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அசடு வழிந்து நிற்க நேருமோ என்ற கூச்சம் ஒன்றுதான் என்னைப் பிடித்து இழுத்தது. இப்போதெல்லாம் யாரைப் பற்றியாவது மனசு அரித்தால், பிழையாகப் போனால் ஒரு வெட்கம்தானே என்று நினைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன்.