கருத்துத் துண்டுகளை வாசித்தவர்

ஹட்டனில் நடந்த வலை நிரலாளர் மாநாட்டில், ஒவ்வொரு பேச்சுக்கும் கேட்டவர்கள் பெயர் போடாமல் எழுதித் தந்த கருத்துத் துண்டுகளைச் சேர்த்தவர் ஒரு பெரியவர். நரைத்த மீசை, சாம்பல் நிற ஸ்வெட்டர். துண்டுகளைப் பேசியவர் முன்னாலேயே உரக்க வாசிப்பார். அவற்றைப் பார்த்துத்தான் அடுத்து கொழும்பில் நடக்கும் பெரிய கூட்டத்தில் பேச ஆள் எடுப்பார்கள். நான் பேசி முடிக்கும்வரை, அழுத என் மகளைத் தோளில் போட்டு நடந்தவரும் அவரே.

அவள் தூங்கிவிட்டாள். அவளைத் தூக்கியபடியே என் துண்டுகளை வாசித்தார்.

"விளக்கம் தெளிவு."

"பிள்ளையோடு வருபவரைக் கொழும்புக்கு எடுக்க வேண்டாம்."

"இத யாருங்க எழுதினது?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா. நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா அங்க புள்ளய யாரு தூக்குவா?"

கொழும்புக்கு வேறொருவர் போனார். அன்று அவரிடம் இரண்டு முறை நன்றி சொல்லித்தான் பிள்ளையை வாங்கினேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.