கல்யாணப் பெண்ணைப் புதைத்த பக்கங்கள்

"புக்குல இருக்கிற போயம் ஒண்ணும் படிக்கிறதில்ல. எஸ்ஸே மட்டும் எட்டு பக்கம் வேணும்னு வந்து நிக்குதுங்க!"

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அமலா தினமும் பாடுகிற பாட்டு இது. கடை திறக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை. புலம்பிக்கொண்டே நகலும் எடுத்துக் கொடுப்பாள். அவள் படித்தது பிளஸ் டூ வரைக்கும்தான். பதினைந்து வருஷமாக பி.ஏ. இங்கிலீஷ் நோட்ஸை டைப் அடித்ததில், எந்த செமஸ்டருக்கு எந்தக் கேள்வி வரும் என்பது மட்டும் அத்துப்படி.

போன மார்ச் மாதம் கரண்டு போய் வந்த அவசரத்தில் இரண்டு எஸ்ஸேக்களின் பக்கங்களை மாற்றி அடுக்கிவிட்டாள். ஒன்று செத்துப்போன நாயைப் பற்றிய பாட்டுக்கு, மற்றது பிறந்த வீட்டை விட்டுப் போகிற மணப்பெண்ணைப் பற்றிய பாட்டுக்கு. முப்பது பேர் வாங்கிப் போனார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்படியே மனப்பாடம் செய்து மாடல் தேர்வில் எழுதிவிட்டார்கள்.

மறுநாள் ஜெகதீசன் என்கிற மாணவன் சிரித்துக்கொண்டே வந்தான். "அக்கா, கிளாஸே சேர்ந்து கல்யாணப் பொண்ண வேப்பமரத்தடியில பொதைச்சிட்டோம். சார் பேப்பர வீசிட்டாரு!"

"ஏன்டா, பொண்ணு எப்படிடா வால ஆட்டுச்சுன்னு ஒருத்தனுக்கும் தோணலியா?"

"எழுதிக்கினு இருக்கும்போது எவன்கா யோசிப்பான்?"

அமலாவும் சிரித்தாள். பின்னால் நின்ற மலர்விழி சிரிக்கவில்லை. பக்கத்திலிருக்கும் பிரம்மதேசம் கிராமத்துப் பெண். இதே பேப்பரில் இரண்டு முறை ஃபெயில். இந்த முறையும் போனால் விழுப்புரத்தில் பி.எட். சேர முடியாது, விடிகாலையில் ஒரகடம் கம்பெனி வேலைக்கு வேன் ஏற வேண்டியதுதான். தேர்வுக்கு இருந்தது ஒன்பது நாள்.

"சரியான பக்கத்த குடுங்கக்கா. ஜல்தியா மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

அமலாவின் கை மெஷின் வரைக்கும் போய் நின்றது. இதிலும் ஒரு தப்பு இருந்தால்? இவளும் கண்ணை மூடிக்கொண்டு எழுதி வைப்பாள்.

"தர மாட்டேன், போடி. புக்க எடு. படிச்சி சொல்லு. அதுல இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாது."

ஸ்டூலில் உட்கார்ந்து மலர்விழி தடுமாறித் தடுமாறிப் படித்துச் சொன்னாள். பாட்டில் நாய் செத்த பிறகும் அதை வளர்த்த ஆள் தினமும் அதன் தட்டில் சோறு வைக்கிறான்.

"செத்த நாய்க்கு எதுக்குடி சோறு? லூசா அவன்?"

மலர்விழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "லூசில்லக்கா! எங்க நாய் மணி, மல்லாட்ட போட்ட கொல்லையில எலிக்கு வெச்ச மருந்த தின்னுட்டு செத்துச்சே, எங்கப்பா ஒரு மாசம் அதோட தட்ட எடுக்கவே வுடல. எடுத்துட்டா அது செத்துச்சின்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடுமாம்."

ஆதார் நகலுக்கு நின்றிருந்த ஆள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அமலா அசைந்தாள்.

"இத எழுதுடி."

"நோட்ஸ்ல இல்லியேக்கா."

"அந்த நோட்ஸ டைப் அடிச்சவளே நான்தான்டி!"

ஒன்பது நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மலர்விழி வந்தாள். படித்துச் சொல்வாள், அமலா "ஏன்?" என்று கேட்பாள். பதிலை மலர்விழி தனக்குத் தெரிந்த சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் எழுதுவாள். திருத்த அமலாவுக்குத் தெரியாது. புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியும்.

ரிசல்ட்டை அந்தக் கடைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று. மலர்விழி இப்போது விழுப்புரத்தில் பி.எட். படிக்கிறாள்.

பாட்டில் என்ன நடக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாதவர்களுக்கு அமலா இப்போது நோட்ஸ் போடுவதில்லை. பாதிப் பேர் முறைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். புலம்பல் மட்டும் நின்றபாடில்லை.

உங்கள் வீட்டிலும் இங்கிலீஷ் பேப்பரில் அரியர் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை முழிக்கிறதா? ஐந்து மணிக்கு மேல் கூட்டிக்கொண்டு போய் அமலாவைப் பாருங்கள். புத்தகம் கையில் இருக்கட்டும். வெறுங்கையோடு போனால் முதல் திட்டு உங்களுக்குத்தான்.